சிவப்புப் பிடி

கச்சான் கிளம்பிவிட்டால் கல்முனைக்குடியில் எந்தப் பெண்ணும் எரிகிற அடுப்பை விட்டுவிட்டு அயல்வீட்டுக்குப் போகமாட்டாள். மேற்கே வயல்வெளியைக் கடந்து வருகிற அந்தக் காய்ந்த காற்று வைக்கோல் தூசியையும் சருகையும் அள்ளிக்கொண்டு வந்து வளவுக்குள் கொட்டும். ஒரு பொறி போதும். ஹுஸ்னியாவுக்கு இந்த வருஷம் காற்று அடங்கிக் கிடக்கிற நேரத்திலும் அந்தப் பயம் இருந்தது. றோல்ஸ் பொரித்து முடித்து காஸ் அடுப்பைப் பூட்டிய பிறகும், முற்றம் வரைக்கும் போய்த் திரும்பி வந்து சிலிண்டரின் வாயைத் தொட்டுப் பார்ப்பாள்.

"பூட்டினத நான் பாத்தன் ராத்தா," என்பாள் ஆகிலா.

"பூட்டினதுதான். கை வெச்சாத்தான் மனம் ஆறுது."

ஆகிலா சிரித்துக்கொண்டே அடுத்த தட்டில் றோல்ஸை அடுக்குவாள். ஹுஸ்னியாவின் கணவன் ஷிப்லி வைத்திருக்கிற கராஜில் வேலை செய்கிற நளீரின் பெண்சாதி அவள். சுபஹு தொழுத கையோடு வந்துவிடுவாள். இரண்டு பேருமாக மீனை அவித்து முள் எடுத்து, கிழங்கு மசித்து, மா பிசைந்து, வெயில் ஏறுவதற்குள் பஸாரில் உள்ள தேத்தண்ணிக் கடைகளுக்கு றோல்ஸும் பற்றிஸும் அனுப்பிவிடுவார்கள். ஆகிலாவின் கை வேகம். வாய் அதைவிட வேகம்.

"ஆம்புளைகள்ற விளையாட்டுக்கு நாம ஏன் ராத்தா நெஞ்சப் புடிச்சிக்கிட்டு நிக்கிற? அவங்க காரக் கழட்டுவாங்க, பூட்டுவாங்க, மலைக்குக் கொண்டு போவாங்க, திரும்பி வருவாங்க. நாம றோல்ஸப் பாப்பம்."

"உன்ட புருசன் கார் ஓட்டல்லதானே புள்ள. நீ செல்லுவாய்."

ஹுஸ்னியாவின் தம்பி ஸஹீத்தான் ஓட்டுகிறவன். பஸாரில் மோட்டார்சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தான். மலைநாட்டில் வருஷாவருஷம் நடக்கிற கார் ஓட்டப் பந்தயத்துக்கு, ஷிப்லி தன் கையால் பூட்டிய காரை அவன்தான் கொண்டு போவான். போன வருஷம் ஒரு வளைவில் கார் வழுக்கி மண்மேட்டில் மோதி, அவனுடைய வலது மணிக்கட்டு முறிந்தது. மாக்கட்டுப் போட்டு ஆறிவிட்டது. அந்த முறிவுகூட ஹுஸ்னியாவை அவ்வளவு உலுப்பவில்லை. அதே ஓட்டத்தில் வேறு யாரோ ஒருவருடைய கார் தீப்பிடித்தது. அதை யாரோ போனில் எடுத்து ஊரெல்லாம் அனுப்பியிருந்தார்கள். கண்ணாடிக்கு உள்ளே புகை. புகைக்குள் ஒரு கை பெல்ட்டின் பூட்டைத் தேடித் தடவுகிறது. அத்தோடு வீடியோ முடிந்துவிடும். அந்த ஆள் தப்பிவிட்டார், சுகமாக இருக்கிறார் என்று ஷிப்லி எத்தனையோ தரம் சொல்லிவிட்டான். ஆனால் ஹுஸ்னியா பார்த்தது அந்தப் பாதியைத்தான்.

அந்தத் தீக்குப் பிறகுதான் ஓட்டத்தை நடத்துகிறவர்கள் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். கையில் தூக்கி அடிக்கிற தீயணைப்புச் சிலிண்டர் இனிச் சரிவராது; காருக்குள்ளேயே குழாய் பூட்டி, ஒரு பிடியை இழுத்ததும் நுரை அடிக்கிற ஏற்பாடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார் ஓட்டத்துக்குள் இறங்க முடியாது.

கொழும்பிலிருந்து அந்தச் சாமான் வந்த அன்று, ஷிப்லி பெட்டியைப் பிரித்து, சிவப்பு நிறப் போத்தல் ஒன்றைக் கைப்பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்கு வந்தான். அங்கேதான் தகரக் கூரை போட்ட கராஜ். சிறுபோக வெட்டு நடக்கிற காலம். நற்பிட்டிமுனை வயல்களிலிருந்து பெல்ட் அறுந்த வெட்டு மெசின்களும் சில்லுக் கழன்ற ட்ராக்டர்களும் வந்து வரிசையில் நின்றன. எல்லாவற்றின் மேலும் நெல்லுத் தூசி. அவற்றுக்கு நடுவே, தார்ப்பாய் போர்த்தபடி அந்தப் பழைய ஜப்பான் கார். உள்ளே ஒரேயொரு இருக்கை. மிச்சமெல்லாம் கழற்றப்பட்டு, கார் உருண்டாலும் ஆள் நசுங்காதபடி இரும்புக் குழாய்கள் வளைத்து ஒட்டப்பட்டிருந்தன.

தேத்தண்ணி கொண்டு போன ஹுஸ்னியா போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்குள்ள என்ன இரிக்கி?"

"தண்ணியும் நுரை மருந்தும். காத்தடிச்சி இறுக்கி வெச்சிரிக்கி. பிடிய இழுத்தா வாயத் தொறக்கும். பைப்பால போய் எஞ்சினுக்குள்ள மூண்டு இடத்துல அடிக்கும், ஆள் இரிக்கிற பக்கம் ரெண்டு இடத்துல அடிக்கும்."

"நெருப்பு வந்தா அதுக்குத் தெரியுமா?"

"எதுக்கு?"

"இந்தப் போத்தலுக்கு. தானாத் தெரியுமா எண்டு கேக்கன்."

"அதுக்கு என்ன தெரியும்? ஓட்டுறவன்தான் இழுக்கணும்."

"அவனுக்கு இழுக்க ஏலாமப் போனா?"

"வெளியாலயும் ஒரு பிடி வரும். முன் கண்ணாடிக்குக் கீழ. ஓடி வாற ஆக்கள் இழுப்பாங்க."

"ஓடி வாற ஆக்கள் எவ்வளவு தூரத்துல நிப்பாங்க?"

ஷிப்லி தேத்தண்ணிக் கோப்பையை வாங்கி ட்ராக்டர் சில்லின் மேல் வைத்தான். "ஹுஸ்னி, நீ கேக்கிற கேள்விய அந்த ஓட்டம் வைக்கிற ஆக்களும் கேக்கல்ல," என்றான். சிரிக்கத்தான் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

அவனுக்கும் உள்ளே பதைப்பு இருந்தது என்பது ஹுஸ்னியாவுக்கு அடுத்தடுத்த நாட்களில் தெரிந்தது. வெட்டு மெசின்காரர்கள் வாசலில் வந்து நின்று கத்தினாலும், அஸர் தொழுதுவிட்டு வந்து காருக்குள் புகுந்துவிடுவான். நளீர் வெளியே நின்று கேட்டதை எடுத்துக் கொடுப்பான். போத்தலை இருக்கைக்குப் பின்னால் குறுக்காகக் கிடத்தி, இரும்புப் பட்டியால் வரிந்து, அடித்தகட்டுக்குக் கீழே இன்னொரு தகடு வைத்து நட்டு இறுக்கினார்கள். குழாயை எங்கேயும் முறியாமல் பெரிய வளைவாக வளைத்தார்கள். எஞ்சினுக்கும் ஆளுக்கும் நடுவே உள்ள தகட்டில் துளை போட்டு, குழாய் உரசாதபடி றப்பர் வளையம் செருகினார்கள். ஆள் பக்கத்தில் நுரை அடிக்கிற நொசில் இரண்டையும் முகத்துக்குப் படாமல் மடியையும் காலையும் பார்த்துத் திருப்பினார்கள்.

போத்தலைப் பூட்டுவதற்கு முதல், குழாய்களுக்குள் காற்றடித்துப் பார்த்தான் ஷிப்லி. எஞ்சின் பக்கத்து நொசில் ஒன்றில் காற்று வரவில்லை. கழற்றிப் பார்த்தால், துளை போட்டபோது விழுந்த அலுமினியச் சீவல் ஒன்று, நகக்கண் அளவுகூட இல்லை, வாயில் குறுக்கே கிடந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை அவனுக்கு. பாரை மீன் ஆணம் ஊற்றிய சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"என்ன செய்யிது?" என்று கேட்டாள் ஹுஸ்னியா.

"இவ்வளவு காலமும் ஒரு சாமான் ஓடணும் எண்டு வேல செஞ்சவன் நான். ஓடாட்டி நிப்பாட்டி, கழட்டி, மறுகாப் பூட்டுவன். இது ஒருக்காவும் தேவைப்படக் கூடாது எண்டு துஆக் கேட்டுக்கிட்டுச் செய்ற வேல. தேவைப்பட்டா அண்டைக்கே சரியா இரிக்கணும். முழுசா அடிச்சிப் பாப்பம் எண்டாலும் ஏலா. அடிச்சா போத்தல் முடிஞ்சிரும்."

"அப்ப எப்பிடித்தான் நம்புற?"

"துண்டு துண்டாப் பாக்கலாம். குழாய் தனிய, கேபிள் தனிய. பாத்துட்டன். இனி அவன்ட கை எட்டுதா எண்டுதான் பாக்கணும். அதுக்கு அவன் வந்து இரிக்கானில்ல."

அது உண்மை. ஸஹீத் ஒவ்வொரு நாளும் கடையைப் பூட்டிவிட்டு வந்தான். சில்லுகளைப் பார்த்தான், எஞ்சினை முறுக்கிக் கேட்டான், கதைத்தான். ஏறி, பெல்ட்டைப் போட்டு, பிடியை எட்டிப் பார் என்றால் மட்டும், "எட்டும் மச்சான், பாத்துட்டன்," என்பான். எப்போது பார்த்தான் என்று யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, சாப்பிட்ட கையோடு எல்லோரும் கராஜுக்குப் போனார்கள். ஹுஸ்னியாவும் போனாள். கச்சான் தகரக் கூரையைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. கேபிள்களைப் போத்தலிலிருந்து விடுவித்து நளீரும் ஷிப்லியும் உள்ளே ஒருவர் வெளியே ஒருவராக இழுத்துப் பார்த்தார்கள். இரண்டும் வழுக்கிக்கொண்டு வந்தன. திரும்பவும் கேபிளைப் போத்தலின் தலையில் கொழுவினான் ஷிப்லி. இனிப் போத்தலின் தலையிலுள்ள துளையில் பாதுகாப்புப் பின்னைக் குத்திவிட்டால், பிடியை எவ்வளவு இழுத்தாலும் அசையாது. ஓட்டம் தொடங்கும் போதுதான் அந்தப் பின்னைக் கழற்றுவார்கள்.

"தம்பி, அந்தப் பக்கத்தால பின்னக் குத்து," என்றான் ஷிப்லி. அவன் டாஷ்போட்டுக்குக் கீழே கேபிளைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தான்.

ஸஹீத் இடது கதவால் உள்ளே குனிந்தான். "குத்திட்டன் மச்சான்."

"சரி. இனி ஏறு," என்று வெளியே வந்தான் ஷிப்லி.

"எனக்கு எட்டும் எண்டு செல்றன்தானே. நளீரு ஏறிப் பாக்கட்டும்."

"நளீரா ஓட்டப் போறான்?"

ஸஹீத் தலையைக் குனிந்து சில்லைக் காலால் தட்டிக்கொண்டு நின்றான். தம்பியின் முகத்தை அந்த மாதிரிப் பார்த்தால் ஹுஸ்னியாவுக்குப் பொறுக்காது. என்னவோ மறைக்கிறான் என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை.

"நான் ஏறுறன்," என்றாள். "அவனும் நானும் ஒரே உயரம். எனக்கு எட்டினா அவனுக்கு எட்டும். என்ட கண்ணால பாக்காம இந்தக் கார் வாசலத் தாண்டாது."

ஷிப்லி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். நளீர் மரியாதைக்கு பொனட் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டான். ஹுஸ்னியா அபாயாவைச் சேர்த்துப் பிடித்து, இரும்புக் குழாயைத் தாண்டி உள்ளே இறங்கினாள். இருக்கை அவளை விலாவோடு நெருக்கிப் பிடித்தது. ஷிப்லி பெல்ட்டின் கீழ்ப்பட்டிகளை விட்டுவிட்டு, தோள்பட்டி இரண்டையும் இடுப்புப்பட்டி இரண்டையும் கொண்டுவந்து வயிற்றின் மேலிருந்த வட்டப் பூட்டில் செருகி இறுக்கினான். மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை அவளுக்கு. இப்படித்தானா இவன் இதற்குள் இருக்கிறான் என்று நினைத்தாள்.

"தல பின்னால சாஞ்சிரிக்கட்டும். தோள் எழும்பக் கூடாது. கைய மட்டும் நீட்டு. பிடி எட்டுதா?"

சிவப்புப் பிடி டாஷ்போட்டின் வலது ஓரத்தில் இருந்தது. நான்கு விரலும் அதற்குள் போயின. "எட்டுது."

"இழுத்துப் பாரு. இறுகும். பயப்படாத."

வீடியோவில் பார்த்த கை அவளுடைய நினைவுக்கு வந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தாள்.

இறுகவில்லை. வந்துவிட்டது.

முதுகுக்குப் பின்னால் ஏதோ சீறியது. அதே நொடியில் பனிக்கட்டித் தண்ணீரை வாளியோடு மடியில் ஊற்றியது போல இருந்தது. வெள்ளையாக எழும்பி நெஞ்சுக்கு வந்து, தெறித்து, கண்ணுக்குள் போனது. கண் எரிந்தது. வாயைத் திறந்தாள்; சவர்க்காரத்தின் கசப்பு தொண்டைக்குள் இறங்கியது. கலிமாவைத் தொடங்கினாள், பாதியில் மூச்சு நின்றது. எழும்பப் பார்த்தாள், பட்டிகள் அவளை விடவில்லை.

அப்போது வயிற்றின் மேல் ஒரு கை வந்தது. விரல்கள் பூட்டைப் பிடித்தன, வழுக்கின, திரும்பப் பிடித்தன, திரும்ப வழுக்கின. பூட்டைப் பிடித்திருப்பதே தெரியாமல் தடவுவது போல இருந்தது. திருகு, திருகு என்று சொல்ல நினைத்தாள். குரல் வரவில்லை. அந்தக் கை தம்பியுடையது என்று அவளுக்குத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து பிடித்த கை. பிறகு இன்னொரு கை அதைத் தட்டி எறிந்தது. ஒரு திருகல். பட்டிகள் நான்கும் ஒரே தடவையில் கழன்றன. ஷிப்லி அவளை அக்குளில் பிடித்து இழுத்து வெளியே எடுத்தான்.

நளீர் ஓடிப்போய்க் கிணற்றுத் தண்ணீர் கொண்டு வந்தான். கண்ணைக் கழுவக் கழுவ, வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. காருக்குள்ளிருந்து வெள்ளை நுரை வழிந்து, நெல்லுத் தூசியில் கலந்து, சேறாகக் கராஜுக்குள் ஓடியது. பொனட்டின் ஓரத்தாலும் நுரை பிதுங்கிக்கொண்டிருந்தது.

"எஞ்சினுக்குள்ளயும் எல்லா இடத்துலயும் அடிச்சிரிக்கி காக்கா," என்றான் நளீர், ஷிப்லியிடம் மெல்ல.

ஷிப்லி இடது கதவால் குனிந்து போத்தலின் தலையைத் தடவினான். வெளியே வந்தபோது அவன் முகம் வெளிறியிருந்தது. பாதுகாப்புப் பின் துளைக்குள் போகவே இல்லை. துளையை ஒட்டி, தகட்டுக்கும் கேபிளுக்கும் நடுவே சொருகிக் கிடந்தது.

"குத்திட்டன் எண்டு சொன்னாய் தம்பி."

"குத்தினன் மச்சான்."

"உள்ளுக்குப் போனது தெரிஞ்சுதா உனக்கு?"

ஸஹீத் தன் வலது கையைப் பார்த்தான்.

ஹுஸ்னியா ஈர அபாயாவோடு எழுந்து அவன் முன்னால் போனாள். "கையத் தா." அவன் தரவில்லை. அவளே எடுத்தாள். "அங்கால பாரு." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெருவிரலின் நுனியை நகத்தால் அழுத்தினாள். "தெரியுதா?"

"இல்ல."

"இது?"

"இல்ல ராத்தா."

பெருவிரலும் அடுத்த இரண்டு விரலும் செத்துப்போய்க் கிடந்தன. சின்ன விரலைத் தொட்டதும்தான் கையை இழுத்தான்.

அட்டாளைச்சேனைக் கலியாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து ஒரே சஹன் தட்டில் சாப்பிட இருந்தபோது, இவன் மட்டும் கரண்டி கேட்டான் என்றும், பெரிய துரையாகிவிட்டான் என்று எல்லோரும் சிரித்தார்கள் என்றும் ஷிப்லி வந்து சொன்னது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. அவளும் அன்றைக்குச் சேர்ந்து சிரித்திருந்தாள்.

"எப்ப இரிந்து?"

"மாக்கட்டுக் கழட்டினதுல இரிந்து."

"டொக்டர்ட்டச் சொன்னாயா?"

"சொன்னன். நரம்பு அடிபட்டிரிக்காம். கொஞ்சம் கொஞ்சமா வரும், இல்லாட்டி ஒப்பரேசன் செய்யணும் எண்டாரு."

"எங்களுக்கு ஏன்டா செல்லல்ல?"

"செல்லியிருந்தா மச்சான் சாவிய எடுத்து வெச்சிரிப்பாரு."

"ஓம், வெச்சிரிப்பன்," என்றான் ஷிப்லி. கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னான். "அந்தப் பின்ன நானும் ஒருக்காப் பாத்திருக்கணும். அது என்ட பிழை."

"ஓட்ட ஏலும் மச்சான். உள்ளங்கை இரிக்கிதானே. இவ்வளவு நாளும் கடை வேன் ஓடித் திரியிறன். கியர் இடது கை. அந்தப் பிடிய இடது பக்கம் மாத்தித் தந்தீங்க எண்டா..."

"உனக்கு என்ட வயித்துல இரிந்த பூட்டத் திருக ஏலல்ல," என்றாள் ஹுஸ்னியா. "நுரையாப் போச்சி. நெருப்பா இரிந்தா?"

அவன் மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டான். இரண்டு நாள் அந்தப் பக்கம் வரவில்லை.

ஆனால் ஷிப்லி ஒதுங்கவில்லை. கொழும்புக்குப் போன் பண்ணிக் கதைத்தான். புதுப் போத்தல் பஸ்ஸில் வந்து இறங்கியது. நளீரோடு சேர்ந்து காரைக் கழுவித் துடைத்து, நொசில்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஊதி, புதுப் போத்தலைக் கிடத்தினான். பின்னைத் தானே குத்தி, தானே இழுத்துப் பார்த்தான். பிடியையும் கேபிளையும் கழற்றி, கியருக்குப் பக்கத்தில் இடது கைக்குத் தோதாகப் பூட்டத் தொடங்கினான்.

ஹுஸ்னியாவுக்கு நெஞ்சு கொதித்தது. "என்ன செய்றீங்க நீங்க? அவன் ஓட மாட்டான் எண்டு ஒரு சொல்லு செல்லுங்க. உங்கட கார்."

"நான் நிப்பாட்டினா, வேற யார்ர காருலயாவது ஏறுவான். கையக் காட்டாம ஏறுவான். அங்க அவன் பின்னக் குத்தினதச் சரி பாக்க ஆரு இரிக்கி? அவனா இறங்கணும் ஹுஸ்னி."

"இறங்காட்டி?"

"தெரியா," என்றான் ஷிப்லி. அந்த ஒரு சொல் அவளை அன்றைக்கு முழுக்கத் தின்றது. மா பிசைந்த தண்ணீர் கூடிப்போனது. பொரிக்கப் போட்ட றோல்ஸ் எண்ணெய்க்குள் வெடித்து விரிந்தது. ஆகிலா சட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீங்க இரிங்க ராத்தா," என்றாள்.

ஸஹீத் வந்தான். ஷிப்லி அவனோடு வாக்குவாதப்படவில்லை. காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தியிருந்தான். ஸஹீத் ஹெல்மட் போட்டு, ஏறி, எல்லாப் பட்டிகளையும் போட்டுக்கொண்டான்.

"இடது கையால பிடிய இழு. வலது கை ஸ்டியரிங்க விடக் கூடாது. அவ்வளவுதான்," என்றான் ஷிப்லி. "நெருப்பு வரக்குள்ள கார் நிண்டுகிட்டு இரிக்காது. ரோட்டு சில்லப் போட்டு அடிக்கும். நானும் நளீரும் சில்ல ஆட்டுறம். நீ பிடிச்சிரி."

இரண்டு பேரும் முன்சில்லின் இரண்டு பக்கமும் குந்தினார்கள். ஸஹீத் இடது கையைப் பிடியில் வைத்ததும், ஷிப்லி சில்லை ஒரு பக்கம் வெட்டித் திருப்பினான். ஸ்டியரிங் வளையம் ஸஹீதின் வலது கைக்குள்ளிருந்து எண்ணெய் பூசியது போலச் சுழன்று கழன்றது.

"நான் ஆயத்தமா இரிக்கல்ல. இன்னொருக்கா."

இன்னொரு தரமும் கழன்றது. அடுத்த தரம் உள்ளங்கையை அமர்த்தி, முழங்கையை விலாவோடு ஒட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தான். கொஞ்சம் நின்றது. ஹுஸ்னியா கராஜின் கூரையைத் தாங்கிய கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் வெல்ல வேண்டும் என்று ஒரு மனம், தோற்க வேண்டும் என்று ஒரு மனம். சில்லு மறுபக்கம் வெட்டியது. கை காற்றில் போய் விழுந்தது.

ஸஹீத் ஹெல்மட்டைக் கழற்றாமல் அப்படியே இருந்தான். அவனுக்குள் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, கண்ணாடி மூடியிருந்தது. வெளியே ட்ராக்டர் கொண்டு வந்த மனிதர் ஒருவர், "தம்பி, இண்டைக்கு ஏலுமா ஏலாதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் இடது கையால் பூட்டைத் திருகிப் பட்டிகளைக் கழற்றினான் ஸஹீத். இறங்கி வந்து ஹெல்மட்டை நளீரின் கையில் கொடுத்தான்.

"கார நீ ஓடு."

"நானா?" என்றான் நளீர். வேண்டாம் என்று சொல்லவேண்டிய மரியாதைகூட அவனுக்கு வரவில்லை. கராஜில் செய்த வேலை ஒவ்வொன்றையும் வெள்ளோட்டம் ஓடிப் பார்த்தவன் அவன்தான். மலைக்கும் ஒவ்வொரு வருஷமும் போய், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன். அவன் முகம் பெருநாள் காலை மாதிரி மலர்ந்தது. ஷிப்லி அவனைப் பார்த்து, ஸஹீதைப் பார்த்து, தலையை ஆட்டினான்.

ஹுஸ்னியா உள்ளே போய் அல்லாஹ்வுக்கு நன்றியாக இரண்டு றக்கஅத் சுக்ருத் தொழுதாள். தம்பியை உட்காரவைத்து, இடியப்பமும் ஆணமும் வைத்து, பக்கத்தில் கரண்டியையும் வைத்தாள். அவன் கரண்டியை எடுத்துச் சாப்பிட்டான். ஒப்பரேசனைப் பற்றிக் கதைத்தார்கள். அன்றைக்கு அவளுக்கு நல்ல நித்திரை.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு ஆகிலா வரவில்லை.

ஹுஸ்னியா தனியே மா பிசைந்தாள். தனியே மீன் கிள்ளினாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கடைக்குப் போக வேண்டியதில் பாதிகூட ஆகவில்லை. அடுப்பைப் பூட்டிவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கடற்கரைப் பக்கம் இருந்த நளீரின் வீட்டுக்கு நடந்தாள். ஒழுங்கைப் பாதையின் மணல் காலைச் சுட்டது. என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆகிலா வாசலோடு இருந்த தையல் மெசினில், தைக்க எடுத்த நளீரின் சேட்டு ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். ஹுஸ்னியாவைக் கண்டதும் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டாள். சிரிக்கவில்லை.

"காய்ச்சலா புள்ள?"

"இல்ல ராத்தா. ராவு அவரு நல்லா நித்திர கொண்டாரு. எனக்குத்தான் வரல்ல." சேட்டின் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். "நீங்க சந்தோசப்பட்டீங்கதானே, இவரு ஏறப் போறாரு எண்டக்குள்ள?"

பொய் சொல்ல ஹுஸ்னியாவுக்கு நா எழவில்லை. "ஓம்."

"நானா இரிந்தாலும் படுவன்." சேட்டை மடித்துக்கொண்டே, "உள்ளுக்கு எப்பிடி இரிந்த ராத்தா?" என்று கேட்டாள். "அந்த நுரை அடிக்கக்குள்ள?"

"கண் தெரியா. மூச்சு முட்டும். குளிரும். ஆனா எல்லா இடமும் போகுது. நெருப்பிரிந்தா அணைஞ்சிரிக்கும். அத நான் சத்தியமாச் செல்லுவன்."

"பிடி கைக்கு எட்டிச்சா?"

"எட்டிச்சி. நல்லா எட்டிச்சி."

"உங்களுக்கு எட்டும். ஸஹீத் தம்பிக்கும் எட்டும். நீங்க ரெண்டு பேரும் நெட்ட." ஆகிலா மடியிலிருந்த சேட்டை விரித்துக் காட்டினாள். "இவருக்குக் கடையில எடுக்கிற சேட்டெல்லாம் கை நீளம். நான்தான் வெட்டித் தைக்கிற. இவ்வளவு வெட்டணும்." நான்கு விரலைச் சேர்த்து வைத்துக் காட்டினாள். "அந்தப் பிடி இவருக்கு எட்டுமா ராத்தா?"

ஹுஸ்னியா சேட்டையும் அந்த நான்கு விரலையும் பார்த்தாள். பிடியை இடது பக்கம் மாற்றியதுகூட ஸஹீதின் கை அளவுக்குத்தான். அதற்குப் பிறகு நளீரை இருத்தி, பட்டி இறுக்கி யாரும் பார்க்கவில்லை. ஓட்டுகிற ஆள் மாறியதில் எல்லோருக்கும் ஒவ்வொரு நிம்மதி. அந்த நிம்மதியில் அது விட்டுப்போயிருந்தது.

"எழும்பு," என்றாள். "வா போவம்."

"றோல்ஸ்?"

"கெடக்கட்டும். வா."

இரண்டு பேரும் வெயிலில் நடந்தார்கள். கச்சான் எதிரே வந்து முக்காட்டைப் பிடுங்கியது. கராஜில் வெட்டு மெசின் ஒன்றின் அடியில் கிடந்த ஷிப்லியைக் கூப்பிட்டு எழுப்பினாள் ஹுஸ்னியா. அவள் சொன்னதைக் கேட்டதும் அவன் கையிலிருந்த கிறீஸைத் துடைக்காமலே காரடிக்குப் போனான். நளீர் கூச்சத்தோடு ஏறினான். பெண்சாதி கராஜுக்குள் வந்து நிற்பது அவனுக்கு இதுதான் முதல் தடவை. ஸஹீதும் கடையிலிருந்து வந்து சேர்ந்தான். ஷிப்லி பின்னைக் குத்தி, இழுத்துப் பார்த்து, "நீயும் பாரு," என்றான். ஸஹீத் இடது கையால் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தான்.

பட்டிகளைப் போட்டார்கள். நளீர் கையை நீட்டினான். விரல் நுனி பிடியைத் தொட்டது. "எட்டுது காக்கா," என்றான்.

"தோள் எழும்புது," என்றாள் ஆகிலா.

அவள் குரலை அந்தக் கராஜில் யாரும் கேட்டதில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பார்வை நளீரின் தோளைவிட்டு அசையவில்லை.

"பெல்ட்ட இன்னம் இறுக்குங்க. உள்ளபடி ஓட்டத்துல இறுக்கிற மாதிரி."

ஷிப்லி இறுக்கினான். நளீர் நீட்டினான். விரலுக்கும் பிடிக்கும் நடுவே வெளி தெரிந்தது.

ஷிப்லி நளீரை இறக்கிவிட்டு, பிடியைக் கழற்றி, கேபிளைத் தளர்த்தி, புதிதாகத் துளை போட்டான். பூட்டி, நளீரை ஏற்றி, இறுக்கி, நீட்டச் சொன்னார்கள். விரல்கள் பிடியை வளைத்தன. ஆனால் வேகமாக நீட்டியபோது ஒரு விரல் வெளியே தவறியது. மற்றவர்கள் கண்ணில் அது படவில்லை.

"இன்னம் கிட்ட வைங்க," என்றாள் ஆகிலா.

வாசலில் ட்ராக்டர்காரர் ஹோர்ன் அடித்தார். ஸஹீத் போய், "கொஞ்சம் நில்லுங்க காக்கா, வேல நடக்குது," என்று சொல்லிவிட்டு வந்தான். ஷிப்லி திரும்பவும் ட்ரில்லை எடுத்தான். அலுமினியச் சீவல் விழாதபடி ஹுஸ்னியா குனிந்து, ஈரத் துணியைத் துளைக்கு அடியில் பிடித்துக்கொண்டாள். முதுகு வலித்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. ஆகிலாவை அவசரப்படுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

பூட்டி முடித்தார்கள். நளீர் ஏறினான். பட்டிகளை இறுக்கினார்கள். அவன் கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, கையை வீசினான். நான்கு விரலும் பிடிக்குள் போய் இறுகின.

"எட்டுது," என்றான். கண்ணைத் திறந்து பெண்சாதியைப் பார்த்துச் சிரித்தான்.

ஆகிலா சிரிக்கவில்லை. கதவுக்குக் கிட்ட வந்து, இரும்புக் குழாயில் கையை ஊன்றிக் குனிந்தாள்.

"சிரிச்சிக்கிட்டு இல்ல," என்றாள். "இன்னொருக்கா எட்டுங்க."